விற்று வாங்கின பிள்ளை

“என்னையும் வித்துருக்காங்க டீச்சர்.”

சுவாதி இதைச் சொன்னபோது நான் படப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு மரமேடை. மேடையில் ஒரு கறுத்த அம்மா நிற்கிறாள். தொப்பி போட்ட ஆண்கள் கீழே நின்று அவளை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒரு மூலையில், தலையில் மஞ்சள் துண்டு கட்டிய சிறுமி ஒருத்தி அம்மாவின் பாவாடை விளிம்பை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். படத்துக்குக் கீழே நான் ஒட்டியிருந்த தமிழ் வரி: “அன்றைக்கு அம்மாவை விற்றார்கள்.”

மாரி மழை விட்டிருந்த காலை. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகள் பாதி ஈரமாக இருந்தன. எங்கள் வாசிப்பு அறை முந்தி விதைநெல் வைத்த அறை என்பதால் மழை நாட்களில் பழைய சாக்கு மணம் வரும். அந்த மணத்துக்குள் இருந்துகொண்டு, வீட்டு இலக்கத்தைச் சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“ஆரம்மா உன்னை வித்தது?” என்றேன்.

“எங்கம்மா. அத்தை வாங்கிட்டாங்க.”

குழந்தைகளைச் சீண்ட எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்கிற பகிடிதான் என்று நினைத்தேன். உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று என் அண்ணன்மார் என்னை அழவைத்த கதை ஊருக்கே தெரியும். “என்னையும் அப்பிடித்தான் வாங்கினவை” என்று நானும் சிரித்தேன். சுவாதி சிரிக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

அந்தப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிப் பள்ளிக்கூட அதிபர் இப்போது எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார். நான் பூட்டவில்லை. பூட்டவும் மாட்டேன். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும், அந்தப் பிள்ளை அந்த வாக்கியத்தை எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போனாள் என்பதையும் இந்தக் கிழமைப் பத்தியில் சொல்லியாக வேண்டும்.

பசை காய்ச்சும் வேலை

வெளிநாட்டில் இருக்கிற நல்ல மனிதர்கள் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பெட்டி பெட்டியாகப் படப் புத்தகங்கள் அனுப்புவார்கள். எல்லாம் ஆங்கிலம். தடித்த வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கிற வர்ணம். பெட்டியைத் திறக்கிற அன்று கொண்டாட்டம். அடுத்த கிழமையே அவை அலுமாரிக்குள் போய்க் கரப்பானுக்குச் சாப்பாடாகிவிடும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் எழுதி, வரிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஆங்கிலத்துக்கு மேலே ஒட்டத் தொடங்கினேன். கடைப் பசை இரண்டு மழைக்குத் தாங்காது. கோதம்பமாவைத் தண்ணீர்விட்டுக் காய்ச்சி, கரப்பான் கிட்ட வராமலிருக்க அதில் வேப்பெண்ணெய் கலந்து நானே பசை செய்கிறேன். வீட்டுக்காரர் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, “இண்டைக்கு எனக்குக் கஞ்சியோ, புத்தகத்துக்குக் கஞ்சியோ?” என்று கேட்பார்.

மஞ்சள் துண்டுப் பிள்ளையின் கதை அந்தப் பெட்டியொன்றில் வந்ததுதான். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் பிள்ளைகளின் வாயில் அது நுழையாததால் மஞ்சள் துண்டு என்றே பெயராகிவிட்டது. பருத்தித் தோட்டம். முதலாளியின் வீடு. அம்மாவை விற்கிற பக்கம். பிறகு அந்தப் பிள்ளை தோட்டத்தை விட்டு ஓடுகிறாள். சோளக் காட்டுக்குள் ஒளிகிறாள். ஓர் ஆற்றைக் கடந்து, யாரும் யாரையும் சொந்தம் கொண்டாட முடியாத அக்கரையில் கால்வைக்கிறாள்.

பூனைக்குட்டி தொலைந்து திரும்பி வருகிற கதைகளையே காலம் முழுக்க வாசித்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. மனிதரை மனிதர் விலைபேசினார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். அதிலிருந்து தப்பி ஓடியவர்களும் இருந்தார்கள் என்பதையும் அறிய வேண்டும். அடிமை என்றால் என்ன என்று முதல் நாள் கேட்டபோது, முன்வரிசையில் இருந்தவன் கையை உயர்த்தி, “எங்கட அண்ணா போனுக்கு அடிமை ரீச்சர்” என்றான். அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

ஊருக்கு ஊர் ஒரு கேள்வி

இந்தப் புத்தகத்தை நான் இதே மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோய் வாசித்திருக்கிறேன். புத்தகம் ஒன்றுதான். கேள்விகள் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

சிலாவத்துறையில் ஒரு சின்னப் பெண், “ஓடேக்கை அவ என்னத்தை எடுத்துக்கொண்டு போனவ?” என்று கேட்டாள். முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து விரட்டின காலத்தில் ஒரு பையோடு ஊரைவிட்டு வெளிக்கிட்ட கதையை வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேட்டு வளர்கிற பிள்ளை. பைக்குள் என்ன இருந்தது என்பதுதான் அவளுக்கு முக்கியம். படத்தில் மஞ்சள் துண்டின் கை வெறுங்கை. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

ஊர் வீடுகளைக் கடற்படை எடுத்துக்கொண்ட முள்ளிக்குளத்துப் பிள்ளைகள், “அவையின்ர வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?” என்று கேட்டார்கள். அவர்களின் ரீச்சர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் படிப்பிக்கிற ஊர் முருங்கனுக்கு உள்ளே, குளத்துக்குக் கீழே இருக்கிற வயல் ஊர். இங்கே வந்த முதல் கேள்வி, “ஏன் ரீச்சர் அவை பொலிசிலை போய்ச் சொல்லேல்லை?” என்பது. ஓடிப்போகிறவர்களைப் பிடித்து முதலாளியிடம் திருப்பிக் கொடுப்பதே அந்த நாட்டில் சட்டமாக இருந்தது என்று சொன்னேன். பிடித்தால் கொடுத்துவிடுவார்கள் என்ற அந்த ஒன்று பிள்ளைகளுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

இதெல்லாம் எங்கேயோ ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் நடந்தது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். மன்னார்த் தீவில் உல்லாசப் பயணிகள் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிற, பாவோபாப் என்கிற பெருக்கு மரம் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று அவர்களைக் கேட்டால் ஆபிரிக்கா என்று உடனே சொல்வார்கள். அந்தக் கடலில் விதை மட்டுமா வந்தது என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த எங்கள் தேசவழமைச் சட்டத்திலேயே அடிமைகளைப் பற்றி இருக்கிறது. விற்றவர்களும் வாங்கியவர்களும் தமிழில்தான் பேசினார்கள்.

இதை வகுப்பில் ஒருநாள் சொன்னேன். அடுத்த நாள் ஒரு தகப்பன் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து நின்றார். “உந்தக் கதையெல்லாம் பிள்ளையளுக்கு ஏன் ரீச்சர்? சும்மா கிடக்கிறதைக் கிண்டாதேங்கோ.” அவர் கவலைப்பட்டது ஆபிரிக்காவைப் பற்றியில்லை, ஊர்ச் சாதிக் கதையைப் பற்றி என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது. கோபம் வந்தது. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன். அவர் இருக்காமலே போய்விட்டார்.

அக்கரையில் பிறந்தவள்

சுவாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் ஆண்டு. மெலிந்த பிள்ளை. தலைமயிரை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருக்கும். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, நடக்கத் தெரிந்து, பேசத் தெரிந்த பிறகு இங்கே வந்தவள். எங்கள் பிள்ளைகள் என்னை “ரீச்சர்” என்பார்கள். அவள் “டீச்சர்” என்பாள். அவள் வாயைத் திறந்தாலே பின்வரிசைக்குச் சிரிப்பு வந்துவிடும். “இந்தியாக்காரி” என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

அவளுடைய அப்பா எங்கள் ஊர். சண்டைக் காலத்தில் தாய் தகப்பனோடும் அக்கா மங்கையோடும் படகேறி அக்கரை போனவர். முகாமுக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பழகிக் கட்டினார். அந்தப் பெண் இந்தியாக்காரி. உண்மையான இந்தியாக்காரி.

குடும்பம் ஊர் திரும்ப முடிவெடுத்தபோது அகதிகளுக்கு வழி இருந்தது. அந்த அம்மாவுக்கு வழி இருக்கவில்லை. முதலில் நீங்கள் போங்கள், கடதாசி சரியானதும் பின்னால் வருகிறேன் என்றாள். ஒருமுறை விசா எடுத்து வந்தாள். விசா முடிய, திரும்பிப் போனாள். பிறகு வரக் கிடைக்கவில்லை. மன்னார்க் கந்தோர், கொழும்புக் கந்தோர் என்று அப்பா அலைந்து களைத்துவிட்டார். இப்போது வவுனியாவில் மேசன் வேலை செய்கிறார். மாதக் கடைசியில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார்.

பிள்ளையை வளர்ப்பது அத்தை மங்கை. புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை, தாய் தகப்பனும் இப்போது இல்லை. கொஞ்சம் வயல், நிறையக் கோழி, அந்தப் பிள்ளை. இதுதான் மங்கையின் உலகம். காலையில் கையைப் பிடித்துக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் விடுவாள். மத்தியானம் மணி அடிக்க முதலே வந்து வேப்பமரத்தடியில் நிற்பாள். ஊரார் பகிடி பண்ணுவார்கள். மங்கை காதில் போட்டுக்கொள்வதில்லை.

தன்னைத் தானே வாங்கிய கிழவர்

சுவாதி அப்படிச் சொன்னதற்கு அடுத்த கிழமை கதையின் மிச்சத்தை வாசித்தேன். அந்தத் தோட்டத்தில் கூடை பின்னுகிற ஒரு கிழவர் வருகிறார். அவரும் அடிமையாக இருந்தவர்தான். வருசக்கணக்காகக் கூடை பின்னி விற்று, முதலாளிக்குத் தன் விலையைக் கொடுத்துத் தன்னைத் தானே வாங்கிக்கொண்டவர். அவர்தான் மஞ்சள் துண்டை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றிவிடுகிறார்.

சுவாதி கையை உயர்த்தினாள்.

“அவரே அவர வாங்கிக்கலாமா டீச்சர்?”

“ஓம் அம்மா. அப்பிடி வாங்கின சில பேர் இருந்தவை.”

“அப்புறம் யாராச்சும் புடிச்சா?”

“தான் தன்னை வாங்கியாச்செண்டு காட்டலாம். பிறகு பிடிக்கேலாது.”

“அந்தப் பக்கத்த இன்னொரு வாட்டி காட்டுங்க டீச்சர்.”

காட்டினேன். அவள் முன்னுக்கு வந்து, குந்தியிருந்து, கிழவர் முதலாளிக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டி நிற்கிற படத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் இருந்தவர்கள் மறைக்குது, மறைக்குது என்று கத்தினார்கள். எனக்கு உள்ளே ஒரு சந்தோசம். படத்தை இப்படிப் பார்க்கிற ஒரு பிள்ளை கிடைத்தால் போதும், பசை காய்ச்சின பாடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

வேப்பமரத்தடியில்

ஒரு வெள்ளிக்கிழமை, இடைவேளை மணி அடித்த நேரம் மங்கை தண்ணீர்ப் போத்தலோடு வாசல் வேப்பமரத்தடியில் நின்றாள்.

“பிள்ளை போத்தலை விட்டிட்டு வந்திட்டா ரீச்சர். ஒருக்காக் குடுத்துவிடுங்கோ.”

வகுப்பில் சுவாதி இல்லை. காலையில் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. மங்கை தன் கையாலேயே வாசலில் விட்டிருக்கிறாள். உள்ளே வந்த பிள்ளை பின்பக்க வேலிப் பொட்டுக்குள் நுழைந்து வெளியே போயிருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் எல்லோரும் ஓடுவது குளத்துக்குத்தான். ஆண்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். வாய்க்கால் மதகடியில் தடி போட்டுத் துழாவினார்கள். மங்கை குளக்கட்டில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மாரியில் நிறைந்து கிடந்த குளம். காற்றுக்குத் தண்ணீர் கட்டில் அடிக்கிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. அந்த நேரம் எனக்கு வந்த நினைவுகளை இங்கே எழுத மனமில்லை.

பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி வந்தது. தலைமன்னார்ப் புகையிரத நிலையத்தில் வேலை செய்கிற ஒருவர் பேசினார். சீருடையோடு ஒரு பிள்ளை தனியே வந்து இறங்கியிருக்கிறாள், பள்ளிக்கூடத்தின் பேர் மட்டும் சொல்கிறாள், வேறொன்றும் சொல்கிறாளில்லை என்றார். முருங்கன்வரை நடந்தே போய் ரயில் ஏறியிருக்கிறாள். யாரோ ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் ஒட்டி இருந்துகொண்டு, பாதை முடிகிற இடம்வரை போயிருக்கிறாள்.

மங்கை சேலையை இழுத்துச் செருகி, “வாங்கோ ரீச்சர், போவம்” என்றாள்.

பஸ்சில் மங்கை சொன்னது

மன்னார்த் தீவுக்குப் போகிற தள்ளாடிப் பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல். யன்னல் கம்பியில் உப்புக் காற்று பிசுபிசுத்தது. அதுவரை வாயைத் திறக்காமல் வந்த மங்கை அங்கேதான் பேசத் தொடங்கினாள்.

“அது நான் வாங்கின பிள்ளை ரீச்சர்.”

“என்ன சொல்லுறியள்?”

“உண்மையா வாங்கினது. முகாமிலை இருக்கேக்கை பிள்ளைக்கு வலிப்பு. கைக்குழந்தை. ஆசுப்பத்திரியிலை கைவிரிச்சிட்டினம். அங்கத்தைய அம்மன் கோயிலிலை வித்து வாங்கச் சொல்லிச் சனம் சொல்லிச்சுது.”

எனக்கு விளங்கியது. இக்கரை அக்கரை இரண்டிலும் உள்ள நேர்த்திதான். தக்காது என்று பயந்த பிள்ளையைத் தாய் கோயில் வாசலில் வெறும் நிலத்தில் கிடத்தி, இது என் பிள்ளையில்லை, விற்றுவிட்டேன் என்பாள். சொந்தத்தில் ஒருத்தி தவிட்டைக் கொடுத்து வாங்குவாள். தாய்க்கு உரித்தில்லாத பிள்ளையை நோயும் விட்டுவிடும் என்று நம்பிக்கை. வாங்கினவள் பிறகு தாயிடமே கொடுத்து, எனக்காக வளர்த்துத் தா என்பாள். அதோடு முடிந்தது. சடங்குக்கு அடுத்த நாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

“நான்தான் தவிடு குடுத்து வாங்கினனான். பிள்ளை தப்பீட்டுது. அதுக்குப் பிறகு வலிப்பே வரேல்லை.” மங்கை யன்னலுக்கு வெளியே பார்த்தாள். “நான் மறக்கேல்லை ரீச்சர். எனக்கு வேறை ஆர் இருக்கினம் மறக்கிறதுக்கு?”

மன்னார் நகரத்தில் பஸ் நின்றபோது ஒரு கழுதை நடுவீதியில் நின்று அசைய மறுத்தது. சாரதி கோர்ண் அடித்துக்கொண்டே இருந்தான். மங்கை அந்தச் சத்தத்துக்குள்ளும் பேசிக்கொண்டிருந்தாள்.

“தாய் விசாவிலை வந்தவ எல்லே? போகேக்கை பிள்ளையையும் கொண்டுபோகப் போறன் எண்டு நிண்டவ. தம்பியும் ஓமெண்டிட்டான். நான்தான் விடேல்லை. ‘வித்த பிள்ளையைக் கேக்க உனக்கு வாயில்லை, அது என்ர பிள்ளை, நான் வாங்கினது’ எண்டு சத்தம் போட்டன். பிள்ளை கதவடியிலை நிண்டதை நான் காணேல்லை.”

“அது எப்ப?”

“அதுக்குப் பிறகுதான் தாய் வரவே இல்லை.”

அவளைக் கோபிக்க நினைத்தேன். முடியவில்லை. தன் சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள்.

பாதை முடிகிற இடம்

தலைமன்னார் இறங்குதுறை நிலையத்துக்கு அப்பால் கடல்தான். முந்தி இந்தியாவுக்குக் கப்பல் போன பழைய துறையின் இரும்புகள் துருப்பிடித்துத் தண்ணீருக்குள் நிற்கின்றன. நிலையத்து மர வாங்கில் சுவாதி இருந்தாள். பக்கத்தில் தின்னக் குடிக்க யாரோ வாங்கிக் கொடுத்த பணிசும் பிளேன்ரீயும் தொடாமல் இருந்தன. புத்தகப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள்.

மங்கை ஓடினாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். பக்கத்தில் போனதும் நின்றுவிட்டாள்.

பிள்ளை எழும்பினாள். பயந்துபோன முகம். பையைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, இரண்டு கையையும் நீட்டி மங்கைக்கு முன்னால் பிடித்தாள்.

“இந்தாங்க அத்தை.”

“என்ன பிள்ளை, சாப்பிடேல்லையோ?”

“இது தவிடு. புடிச்சா குடுக்கணும்ல, அதுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன். டப்பால இவ்வளவுதான் புடிச்சுது. நான் என்னைய வாங்கிக்கிறேன் அத்தை. என்னைய விட்டுருங்க. நான் அம்மாட்ட போறேன்.”

மங்கை மூடியைத் திறந்து பார்த்தாள். கோழிக்கு வைக்கிற தவிடு. ஓரங்களில் அமர்த்தி, மேலே தட்டி நிரவி வைத்திருந்தாள் பிள்ளை. நிலையத்துக்காரர் என்னைப் பார்த்தார். உன்னை யாரும் உண்மையில் விற்கவில்லை, அது சும்மா ஒரு நேர்த்தி, உன்னைக் காப்பாற்றச் செய்தது என்று விளங்கப்படுத்த வாயெடுத்தேன்.

மங்கை என்னைக் கையால் மறித்தாள்.

அந்தச் சீமெந்துத் தரையில் முழங்காலில் இருந்தாள். முந்தானையை விரித்துப் பிடித்தாள். பிள்ளையிடம் பெட்டியை வாங்கித் தவிட்டை அதில் கொட்டினாள். கொஞ்சம் காற்றில் பறந்து அவள் முகத்தில் ஒட்டியது.

“வாங்கீட்டன்” என்றாள். “நீ இனி என்ர இல்லை. உன்ர அம்மான்ர பிள்ளை. நான் குடுத்திட்டன்.”

அழாமல் சொன்னாள். முந்தானையை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகினாள்.

சுவாதி பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தாள். பையை முதுகில் மாட்டினாள். முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. கடல் பக்கம் திரும்பி நின்று கேட்டாள்.

“இப்ப கப்பல் எப்ப வரும்?”

நிலையத்துக்காரர் தொப்பியைக் கழற்றினார். “இஞ்சை இப்ப கப்பல் ஓடுறேல்லை பிள்ளை. அது முந்தின காலம்.”

“படகு?”

“படகிலை போகேலாது. பிடிப்பினம்.”

“நான்தான் வாங்கிட்டேனே.”

அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தாள். வாங்கினால் பிறகு பிடிக்கேலாது என்று சொன்னவள் நான். கடவுச்சீட்டு, விசா, இரண்டு நாட்டுக் கந்தோர்கள், அப்பாவின் கையெழுத்து என்று எதையெதையோ சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டேன். அப்பா வரட்டும், நானும் கூட வந்து கந்தோரில் கதைக்கிறேன் என்றேன். அதை உண்மையாகவே சொன்னேன். அந்த இடத்தில் அது ஒன்றுக்கும் உதவவில்லை.

பஸ்சுக்குக் காத்து நின்றபோது என் கைப்பைக்குள் தொலைபேசி சிணுங்கியது. அந்த முனையில் நின்றால் அக்கரைக் கோபுரத்து அலைதான் முதலில் பிடிக்கும். இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று ஒரு செய்தி. பிள்ளைக்குக் காட்டாமல் உள்ளே வைத்துவிட்டேன்.

படலையில்

திரும்பி வரும்போது சுவாதி எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை. முன்னால் தனியாக ஓர் இருக்கையில் போய் இருந்தாள். மங்கை கூப்பிடவில்லை. வழியில் பிள்ளை நித்திரையாகி, தலை யன்னல் சட்டத்தில் இடித்து இடித்து எழும்பியது. மங்கை எழும்பிப் போகப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கள் ஒருக்காப் போய்ப் பிடியுங்கோ ரீச்சர்.”

“நீங்களே போங்கோ மங்கை.”

“குடுத்திட்டன் எல்லே.”

நான் போய்ப் பக்கத்தில் இருந்து அந்தத் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். எண்ணெய் மணத்தது. அன்று காலை மங்கைதான் வாரிப் பின்னிவிட்டிருப்பாள்.

முருங்கனில் இறங்கி, ஓட்டோ பிடித்து, வாய்க்கால் ஓரத்தில் இறங்கி நடந்தோம். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. குளத்தில் இறங்கிய ஆண்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் ஈரச் சாரத்தோடு சந்தியில் நின்றார்கள். பிள்ளையைக் கண்டதும் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மங்கையின் வீட்டுப் படலைக்கு முன்னால் சுவாதி நின்றாள். உள்ளே கோழிகள் பசிக்குக் கத்தின. மங்கை கொக்கியைக் கழற்றித் தள்ளித் திறந்தாள்.

“அத்தை.”

“என்ன பிள்ளை?”

“இனிமே நான் எங்க படுக்கணும்?”

மங்கை இடுப்பில் செருகியிருந்த தவிட்டு முடிச்சைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

“உனக்கு எங்கை விருப்பமோ அங்கை படு, அம்மா. இனி அது உன்ர விருப்பம்.”

பிள்ளை யோசித்தாள். ஒரு கேள்விக்குச் சரியான விடை சொல்ல வேண்டும் என்பதுபோல, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கவனமாக யோசித்தாள்.

“அம்மா பக்கத்துல” என்றாள்.

மங்கை படலையை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். சுவாதி உள்ளே போகவில்லை.